வெள்ளைத் துணி சொல்லும் சரித்திரம்

நடுவர் அவர்களே! சரித்திரத்தைக் காப்பது கல்லுதான் என்று எதிரணி நண்பர் அடித்துப் பேசினார். ஐயா, கல்லு உடையும், தேயும், சில ஊரில் துணி துவைக்கவும் ஆகும்! சொல்லுக்கு அந்த ஆபத்து இல்லை. ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்கிறேன்.

தேர்தலில் நிற்பவரை ஆங்கிலத்தில் 'கேண்டிடேட்' என்கிறோம். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போன லத்தீன் சொல் அது. மூலம் 'கான்டிடாட்டுஸ்'. பொருள் என்ன தெரியுமா? வெள்ளை உடுத்தியவன்! அவ்வளவுதான்.

பழைய ரோமில் பதவி கேட்டு நிற்பவர் தன் மேலாடையில் சீமைச்சுண்ணாம்பைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிக்கொண்டு வருவார். கூட்டத்தில் தனியாகத் தெரியணுமே! கி.மு. 432இலேயே, இப்படி வெளுக்கக் கூடாதென்று சட்டம் வந்ததாக லிவி எழுதுகிறார். சட்டம் வந்தது, வெள்ளை போகலை. பக்கத்தில் ஓர் அடிமை, எதிரே வருகிறவர் பேரைக் காதில் ஓதுவான். இவர் உடனே அந்தப் பேரைச் சொல்லிக் கையைப் பிடித்துக்கொள்வார், ஏழு தலைமுறைச் சொந்தம் மாதிரி!

இப்படி ஓட்டுக்காகச் சுற்றிவருவதற்கு 'ஆம்பிட்டியோ' என்று பேர். அதுதான் நாம் பிள்ளைகளிடம் கேட்கிற 'ஆம்பிஷன்'. அதன் உடன்பிறப்பு 'ஆம்பிட்டுஸ்'. ஓட்டுக்குக் காசு கொடுக்கிற குற்றத்துக்கு அதுதான் சட்டப் பேர். கி.மு. 63இல் ஆட்சிப் பொறுப்பில் இருந்த சிசரோ, அதற்குப் பத்து வருஷம் நாடு கடத்தல் என்று சட்டம் கொண்டுவந்தார். அதே வருஷம் அதே குற்றத்தில் மாட்டிய முரேனாவுக்கு வக்கீலாக வந்து நின்றவர் யார்? அதே சிசரோ! முரேனா விடுதலை.

இன்னும் கொஞ்சம் தோண்டுவோம். 'கான்டிடுஸ்' என்றால் மின்னுகிற வெள்ளை. மங்கல் வெள்ளைக்கு 'ஆல்புஸ்' என்று வேறு சொல் வைத்திருந்தான் ரோமானியன். மெழுகுவர்த்திக்குச் சொல்கிற 'கேண்டில்' இந்த வேர்தான். உள்ளதை மறைக்காமல் பேசுகிறவரைச் சொல்கிற 'கேண்டிட்' இந்த வேர்தான். ஆக, கேண்டிடேட்டும் கேண்டிடும் அண்ணன் தம்பி. பேச்சுவார்த்தைதான் இல்லை!

சமஸ்கிருதத்திலும் ஓர் உறவு உண்டு. ஒளிர்வது என்ற பொருளில் 'சந்த்ர'. அது தமிழுக்கு வந்து, நம் வீட்டுப் பிள்ளைக்குச் சந்திரன் என்று பேராயிற்று. அந்த வகையில் கேண்டிடேட் அவனுக்குப் பங்காளி முறை.

பாம்பெய் நகரச் சுவரில் தேர்தல் விளம்பரம் இன்னும் இருக்கே என்று எதிரணி கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அது பிழைக்க, கி.பி. 79இல் எரிமலை வெடித்து ஊரையே மூட வேண்டியிருந்தது. என் சொல்லுக்கு... மணி அடிச்சுட்டீங்களா? சரி, உட்கார்ந்துக்கிறேன்.