கடும் ஸ்க்ரப் டைபஸ்: உறுப்புப் பாதிப்புகளும் சிகிச்சையும்

ஒரியன்ஷியா சுசுகாமுஷி என்ற பாக்டீரியா, புதர்ப் பூச்சியின் இளம்புழு கடிக்கும்போது உடலில் நுழைகிறது. ரத்தக்குழாய்களின் உட்சுவர்ச் செல்களில் பெருகி அவற்றைக் கசியவைப்பதால் நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல், மூளையுறை எதுவும் பாதிக்கப்படலாம். அக்குள், தொடை இடுக்கு, மார்பின் கீழ்மடிப்பு ஆகிய இடங்களில் சிகரெட் சுட்டதுபோன்ற கருத்த பொருக்கு இருந்தால் நோயை ஏறக்குறைய உறுதிசெய்துவிடலாம். வலிக்காததால் நோயாளி அதைச் சொல்வதில்லை. மருத்துவர்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

பெனிசிலின், செஃப்ட்ரியாக்சோன் போன்றவை இந்தக் கிருமியிடம் பலிப்பதில்லை. பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் டாக்சிசைக்ளின் தொடங்குவதே முறை. கடும் நோய்க்கு, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று நடத்தி 2023இல் வெளியான ஆய்வு முக்கியமானது. டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் 7 நாள் நரம்புவழி சேர்த்துக் கொடுத்தவர்களில் 33 சதவீதத்தினருக்கே மரணம், நீடித்த காய்ச்சல், தீராத உறுப்புப் பாதிப்பு ஆகியவற்றில் ஏதேனும் நேர்ந்தது. ஒற்றை மருந்து பெற்றவர்களில் இது 47–48 சதவீதம். இறப்பு மட்டும் தனியாகக் குறையவில்லை.

மூச்சுத்திணறலுக்கு ஆக்சிஜன் அல்லது வென்டிலேட்டர், சிறுநீரகச் செயலிழப்புக்கு டயாலிசிஸ் தேவைப்படலாம். குளுக்கோஸ், உப்புநீர் ஏற்றுவதில் கை தாராளமானால் நுரையீரலில் நீர் கோத்துவிடும்.