முதியவரின் உரிமையும் பைத்துல் மாலும்

வளரும் நாடுகளில் முதியோர் படும் வறுமை பற்றிப் பேச்செழும்போதெல்லாம், கலீஃபா உமர் (ரலி) அவர்கள் யூத முதியவர் ஒருவருக்கு இரங்கிய நிகழ்ச்சியை நம் மேடைகள் நினைவூட்டத் தவறுவதில்லை. அது இடம்பெற்ற நூல் எத்தகையது என்பதை எவரும் கவனிப்பதாகத் தெரியவில்லை. கலீஃபா ஹாரூன் ரஷீதுக்காக இமாம் அபூயூசுஃப் (ரஹ், மறைவு ஹிஜ்ரி 182 / கி.பி. 798) எழுதிய ‘கிதாபுல் கராஜ்’ என்னும் வரி நிர்வாக நூல் அது.

பார்வையிழந்த அம்முதியவர் ஒரு வாசலில் நின்று இரந்துகொண்டிருந்தார். காரணம் கேட்டபோது மூன்றைச் சொன்னார்: ஜிஸ்யா, தேவை, வயோதிகம். வரி செலுத்துவதற்கும் சேர்த்தே அவர் இரந்திருக்கிறார்! உமர் (ரலி) அவரை வீட்டுக்கு அழைத்துச் சென்று கையில் இருந்ததைக் கொடுத்தார்கள். அத்துடன் நின்றிருந்தால் அது ஈகை. ஆனால் பைத்துல் மால் பொறுப்பாளரை வரவழைத்து, இவரையும் இவர் போன்றோரையும் கவனிக்கும்படி பணித்தார்கள். அத்தகையோரின் ஜிஸ்யாவையும் நீக்கினார்கள். இளமையில் வரி பெற்றுக்கொண்டு முதுமையில் கைவிடுவது நீதியன்று என்பதே அவர்கள் காட்டிய காரணம். இரக்கத்தை அன்று, கொடுக்கல் வாங்கலின் நியாயத்தையே அவர்கள் முன்வைத்தார்கள் என்று நாம் கருதுகிறோம்.

இதற்கு முன்னோடியும் உண்டு. ஹிஜ்ரி 12இல் (கி.பி. 633) காலித் இப்னு வலீத் (ரலி) ஹீராவாசிகளுடன் செய்த உடன்படிக்கையை அதே நூல் தருகிறது. ஆடவர் 7000 பேரில் நீங்கா நோயுற்ற 1000 பேரைக் கழித்து, எஞ்சிய 6000 பேருக்கே வரி கணக்கிடப்பட்டது. உழைக்க இயலாத முதியவருக்கு ஜிஸ்யா இல்லை. அவரும் அவர் குடும்பமும் பைத்துல் மாலிலிருந்து பராமரிக்கப்படுவர். இஸ்லாமிய ஆட்சிப் பரப்பை விட்டு வெளியேறினால் அக்கடமை இல்லை என்ற நிபந்தனையும் அதில் உண்டு. நம் பேச்சாளர்கள் இதை விட்டுவிடுகிறார்கள், விட வேண்டியதில்லை.

பின்னர் உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ், ஆட்சி ஹிஜ்ரி 99–101) பஸ்ரா ஆளுநருக்கு எழுதிய கடிதத்தில், இத்தகைய முதியோரைத் தேடிக் கண்டறியும்படி கட்டளையிட்டார். அபூ உபைதின் ‘கிதாபுல் அம்வால்’ இதைப் பதிவு செய்கிறது. முதியவர் மனுவோடு வர வேண்டியதில்லை. அரசே அவரைத் தேடிச் செல்லும்.

இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15இல் தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டம் தொடங்கியபோது நடுவண் அரசின் பங்கு மாதம் 75 ரூபாய். 2006இல் அது 200 ஆயிற்று. 80 வயதுக்குட்பட்டோருக்கு 2024 வரையிலும் அதே 200தான். மாநிலங்கள் சேர்த்துத் தருவது வேறு கணக்கு. வயலிலும் பீடித் தட்டிலும் ஆயுளைக் கழித்த முதியவர், தாம் ஏழை என்பதற்கான சான்றுகளுடன் அலுவலக வாசலில் காத்திருக்கிறார்.