2003 ஜூலை வேலைநிறுத்தமும் 2004 தேர்தலும்



"அமெரிக்காவில் அரசாங்கத்தையே மூடிவிடுகிறார்களே, பழி விழுந்த கட்சி அடுத்த தேர்தலில் தோற்குமா ஐயா?" என்று நம் மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். தோற்றே தீரும் என்று சொல்ல முடியாது. 2013 அக்டோபரில் 16 நாள் முடங்கியபோது குடியரசுக் கட்சியைத்தான் அதிகம் பேர் குறை சொன்னார்கள். மறு ஆண்டே அந்தக் கட்சி செனட்டைக் கைப்பற்றியது!

நம் ஊரில் பட்ஜெட் தோற்றால் ஆட்சியே கவிழும், அலுவலகத்தைப் பூட்டும் வழக்கம் இல்லை. ஆனால் வேறொரு வகையில் அரசு இயந்திரம் நின்றது உண்டு. இப்போது முப்பது வயதுக்குள் இருப்பவர்களுக்கு அது தெரியாது.

ஓய்வூதியப் பலன், போனஸ், விடுப்புச் சரண்டர் ஆகியவற்றில் அ.தி.மு.க. அரசு கைவைத்ததை எதிர்த்து, 2003 ஜூலை 2 அன்று அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நானும் அரசுச் சம்பளம் வாங்கியவன், அதைக் கழித்துக்கொண்டே படியுங்கள். முதல் இரண்டு நாள் பொதுமக்கள் ஊழியர்கள் பக்கம் இல்லை. பள்ளி, கல்லூரி சேர்க்கை நேரம் அது. எஸ்.டி. சான்றிதழுக்காக மலையிறங்கிப் போனவர் வெறும் நாற்காலிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் யாரைத் திட்டுவார்? "சம்பளம் பத்தலையாமா இவங்களுக்கு" என்ற பேச்சுதான் பஸ்ஸிலும் டீக்கடையிலும்.

அந்தப் பழியை அரசு தானே இழுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டது என்பது என் கருத்து. டெஸ்மா சட்டம் 2002லேயே இருந்தது. போதாதென்று ஜூலை 4 அன்று அவசரச் சட்டம். விசாரணை கிடையாது, விளக்கம் கேட்பது கிடையாது, சுமார் 1.7 லட்சம் பேர் வேலைநீக்கம். தலைவர்கள் கைது. தொகுப்பூதியத்தில் தற்காலிக ஆட்கள். ஒன்றே முக்கால் லட்சம் என்றால் அத்தனை குடும்பம், அத்தனை மளிகைக் கடன், நிச்சயித்து நின்ற அத்தனை கல்யாணம். டீக்கடைப் பேச்சு மாறிவிட்டது.

ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம், வேலைநிறுத்தம் செய்ய ஊழியருக்குச் சட்டப்படியும் தார்மீகப்படியும் உரிமை இல்லை என்றது. வழக்கில் வென்றது அரசு. ஆனாலும் சுமார் 6,000 பேரைத் தவிர மற்றவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது.

2004 மே மாதம் மக்களவைத் தேர்தல். அ.தி.மு.க. - பா.ஜ.க. கூட்டணிக்குத் தமிழ்நாட்டின் 39 தொகுதியில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. நம் தர்மபுரியில் பா.ம.க.வின் செந்தில் வென்றார். எல்லாம் ஊழியர் கோபம் என்று சங்கத்துக்காரர்கள் சொல்வார்கள். முழுக்க ஒப்புக்கொள்ள மாட்டேன். 2001இல் அ.தி.மு.க.வோடு நின்ற காங்கிரசும் பா.ம.க.வும் இடதுசாரிகளும் இப்போது தி.மு.க. பக்கம் வந்திருந்தார்கள். அந்தக் கணக்கே பாதி வெற்றி.

மீதிப் பாதிக்கு ஜெயலலிதா அம்மையாரின் செயலே சாட்சி. முடிவு வந்த ஐந்தாம் நாள், மே 18, ஊழியர் மீதான நடவடிக்கைகள் ரத்து. மதமாற்றத் தடைச் சட்டம் வாபஸ். விவசாயிகளுக்கு மீண்டும் இலவச மின்சாரம். எது சுட்டது என்று அவருக்கே தெரிந்திருந்தது.

அந்த இறங்கிவரவு பலன் தரவும் செய்தது. 2005இல் காஞ்சிபுரம், கும்மிடிப்பூண்டி இடைத்தேர்தல்கள் இரண்டிலும் அ.தி.மு.க.வே வென்றது. 2006இல் ஆட்சி போனது, ஆனால் அப்போது ஊர் முழுக்கக் கலர் டி.வி.யும் இரண்டு ரூபாய் அரிசியும்தான் பேச்சு. டெஸ்மாவைப் பற்றிச் சங்கக் கூட்டங்களில் மட்டும் பேசிக்கொண்டோம்.