இறந்தவரின் பெயரில் ஓர் இசைத்தட்டு

33 வயதில் இறந்துபோன ஒரு பியானோக் கலைஞரின் ஒலிப்பதிவுகளைப் பற்றிய வரலாறு இது. மேற்கத்தேய இசை தெரியாதவர்களும் வாசிக்கலாம். ஏனென்றால் இந்தக் கதையில் இசையை விடப் பெரிய விடயம் ஒன்று இருக்கிறது: ஓர் ஆதாரத்தை நாம் எப்படி நம்புகிறோம் என்பதே அது. கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுமையாக வாசியுங்கள்.

டினு லிபாட்டி 1917ஆம் ஆண்டு ருமேனியாவின் தலைநகர் புக்கரெஸ்டில் பிறந்தார். தந்தை வயலின் கலைஞர், தாய் பியானோ வாசிப்பவர். இளவயதில் வியன்னாவில் நடந்த சர்வதேசப் போட்டி ஒன்றில் அவருக்கு இரண்டாமிடமே கிடைத்தது. முதலிடத்தைக் கொடுக்கவில்லை என்று சொல்லி, நடுவர் குழுவில் இருந்த புகழ்பெற்ற கலைஞர் அல்பிரெட் கோர்ட்டோ பதவி விலகினார். அதன் பிறகு லிபாட்டி பாரிஸுக்குச் சென்று படித்தார். இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த 1943இல் நாட்டை விட்டு வெளியேறி, சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவில் தங்கினார். அங்குள்ள இசைக் கல்லூரியில் பியானோ கற்பிக்கும் ஆசிரியராகவும் இருந்தார்.

யுத்தம் முடிந்து, உலகம் அவரைக் கேட்கத் தயாரான நேரத்தில் நோய் வந்துவிட்டது. ஹொட்ஜ்கின் நோய் என்ற நிணநீர்ப் புற்றுநோய். 1950இல் கோர்ட்டிசோன் என்ற புதிய மருந்து சில வாரங்களுக்கு அவரை எழுந்து நடமாட வைத்தது. அப்போது அது மிக விலை கூடிய மருந்து. அந்தச் சில வாரங்களைத் தவற விடக்கூடாது என்று, கொலம்பியா நிறுவனத்தின் தயாரிப்பாளர் வால்டர் லெக் ஒலிப்பதிவுக் குழுவினரோடு ஜெனீவாவுக்கே வந்தார். அந்த ஜூலை மாதத்தில் பதிவானவைதான் இன்றும் உலகம் கேட்கும் பாஹ், மொஸார்ட், சொப்பின் ஆக்கங்கள்.

அதே ஆண்டு செப்டெம்பர் 16ஆம் திகதி பிரான்ஸின் பெசான்சோன் நகரில் அவருடைய கடைசிக் கச்சேரி நடந்தது. வைத்தியர் வேண்டாம் என்றார். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்று அவர் மேடை ஏறினார். சொப்பினின் 14 வால்ஸ் ஆக்கங்களை வாசிப்பதாக நிகழ்ச்சி நிரலில் இருந்தது. 13 வாசித்தார். பதினான்காவதை வாசிக்க உடம்பில் பலம் இருக்கவில்லை. பிரெஞ்சு வானொலி பதிவு செய்ததால் அந்தக் கச்சேரி நமக்குக் கிடைத்தது. டிசெம்பர் 2ஆம் திகதி அவர் காலமானார்.

இப்படிப்பட்ட ஒருவர் மறைந்த பிறகு என்ன நடக்கும்? மக்கள் இன்னும் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுவார்கள். ஆனால் கேட்பதற்கு அதிகம் இல்லை. லிபாட்டி எதையும் அவசரப்பட்டுச் செய்பவர் அல்ல. ஒரு பெரிய ஆக்கத்தைப் பதிவு செய்யச் சொன்னால், தயாராவதற்கு இத்தனை வருடங்கள் வேண்டும் என்று கேட்பவர். ஸ்டூடியோவில் அவர் விட்டுச் சென்றதெல்லாம் சில மணித்தியாலங்களுக்குள் அடங்கிவிடும்.

எனவே தேடல் தொடங்கியது. எங்கே தேடுவது? அந்தக் காலத்து வானொலி நிலையங்கள் கச்சேரிகளை அலுமினியத் தகட்டின் மேல் அரக்குப் போன்ற பூச்சுப் பூசிய தட்டுகளில் பதிவு செய்தன. பிறகு காந்த நாடா வந்தது. அரக்குத் தட்டு மிருதுவானது, ஒவ்வொரு தடவை ஊசி ஓடும்போதும் கொஞ்சம் தேயும், காலம் போகப் போகப் பூச்சு காய்ந்து வெடிக்கும். வீட்டில் பதிவுக் கருவி வைத்திருந்த ரசிகர்கள் சிலரும் வானொலியில் வந்ததைப் பிடித்து வைத்தார்கள். ஆகவே மறைந்துபோன ஒரு கச்சேரி மீண்டும் கிடைக்க வேண்டுமானால், யாரோ ஒருவர் அதைத் தூக்கி எறியாமல் வைத்திருந்திருக்க வேண்டும்.

அப்படி உண்மையாகவே பல கிடைத்தன. 1950 பெப்ரவரியில் ஜெனீவாவில் எர்னெஸ்ட் அன்சர்மேயின் தலைமையில் அவர் வாசித்த ஷூமான் கொன்செர்ட்டோ கிடைத்தது. (பியானோவும் பெரிய வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிக்கும் ஆக்கத்தையே கொன்செர்ட்டோ என்கிறார்கள்.) 1948இல் பால் சாக்கருடன் வாசித்த பார்டோக்கின் மூன்றாவது கொன்செர்ட்டோ ஜெர்மன் வானொலி ஒன்றின் பதிவாகக் கிடைத்தது.

இந்த வரிசையில் இன்னொன்றும் வந்தது. சொப்பினின் முதலாவது பியானோ கொன்செர்ட்டோ. லிபாட்டி அதை மேடையில் வாசித்திருக்கிறார் என்பது தெரிந்த விடயம், ஆனால் ஸ்டூடியோப் பதிவு இல்லை. 1960களின் நடுப்பகுதியில் ஈஎம்ஐ நிறுவனம் ஒரு நாடாவை அடிப்படையாக வைத்து அதை லிபாட்டியின் பெயரில் வெளியிட்டது. ரசிகர்களுக்கு எவ்வளவு சந்தோசமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 15 வருடங்களுக்கு முன் இறந்த ஒருவர், இதுவரை கேட்காத ஒன்றை வாசித்துக் காட்டுகிறார்!

ஆனால் அந்த இசைத்தட்டில் ஒரு குறை இருந்தது. வாத்தியக் குழு எது, அதை வழிநடத்தியவர் யார் என்பது தெரியாது என்றே வெளியிட்டிருந்தார்கள். ஐம்பது அறுபது பேர் சேர்ந்து வாசித்த ஒரு நிகழ்ச்சியில் ஒரே ஒருவரின் பெயர் மாத்திரம் தெரிகிறது, மற்ற எல்லாம் தெரியவில்லை. இது சின்ன விடயமா? வரலாறு படித்தவர்கள் அந்த இடத்திலேயே நின்றிருக்க வேண்டும். ஆனால் பெயர் பெரிய பெயர். ஆசை அதை விடப் பெரியது. அந்தக் குறையையும் தாண்டி இசைத்தட்டு பல வருடங்கள் விற்பனையில் இருந்தது.

1981இல் பிபிசி வானொலி அந்தப் பதிவை ஒலிபரப்பியது. கேட்டுக்கொண்டிருந்த ஒரு நேயருக்குச் சந்தேகம் வந்தது. தன்னிடம் இருக்கும் இன்னொரு இசைத்தட்டும் இதே மாதிரி இருக்கிறதே என்று அவர் எழுதினார். அது செக்கோஸ்லோவாக்கியாவின் சுப்ராபோன் நிறுவனம் வெளியிட்டது. வாசித்தவர் போலந்து நாட்டுப் பெண் கலைஞர் ஹலினா செர்னி ஸ்டெபான்ஸ்கா.

இரண்டு பதிவுகளையும் ஒப்பிட்டார்கள். ஒரே ஆள் ஒரே ஆக்கத்தை இரண்டு நாட்களில் வாசித்தால்கூட அது ஒரே மாதிரி அமையாது. ஓரிடத்தில் கொஞ்சம் வேகம் கூடும், ஓரிடத்தில் விரல் சற்றுத் தாமதிக்கும். அரை மணித்தியாலத்துக்கும் மேலான ஓர் ஆக்கம் இரண்டு பதிவுகளில் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒன்றாகவே ஓடுமானால், அவை இரண்டல்ல, ஒன்றுதான். முடிவு அப்படியே வந்தது. லிபாட்டி என்று உலகம் கேட்டது செர்னி ஸ்டெபான்ஸ்காவை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். இந்தக் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக ஏமாந்த நிறுவனத்தைப் பற்றியும் ரசிகர்களைப் பற்றியும் பேசுவார்கள். அந்தப் பெண்ணைப் பற்றி யார் யோசிக்கிறார்கள்? 1949இல் வார்சோவில் நடந்த சொப்பின் போட்டியில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டவர் அவர். வாசிக்கத் தெரியாதவர் அல்ல, பெயர் இல்லாதவரும் அல்ல. அவர் உயிரோடு இருந்த காலத்தில், அவருடைய உழைப்பு, இறந்துபோன ஓர் ஆணின் பெயரில் ஊர் ஊராக விற்பனையானது. லிபாட்டி இதில் எந்தக் குற்றமும் செய்யவில்லை. அவர் மீது வைத்த அன்புதான் இன்னொருவருக்குரியதை எடுத்து அவருக்குக் கொடுத்துவிட்டது.

இளவயதில் இறந்தவர்கள் விடயத்தில் நாம் எல்லோரும் இப்படித்தான். அவர்கள் வாழாத வருடங்களை எதையாவது கொண்டு நிரப்பிவிடப் பார்க்கிறோம். புதிதாக ஒரு கடிதமோ, ஒரு படமோ, ஒரு குரலோ வந்தால் உடனே கையை நீட்டுகிறோம். அது யாருடைய கையிலிருந்து வந்தது என்று கேட்பது மரியாதைக் குறைவு போலத் தெரிகிறது. கேட்காமல் விடுவதுதான் மரியாதைக் குறைவு.

பிள்ளைகளுக்கு மூலாதாரங்கள் என்ற பாடத்தை நடத்தும்போது, கல்வெட்டு, நாணயம், ஓலைச்சுவடி என்று எழுதிப் போட்டுவிட்டு நாங்கள் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். ஒலிப்பதிவும் ஒரு மூலாதாரம்தான். இன்று ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் யாரோ பேசியதாகச் சொல்லப்படும் குரல் ஒன்று வட்ஸ்அப்பில் வந்து விழுகிறது. அதனால் இந்தக் கதையைச் சொல்லி மூன்று கேள்விகளைப் பழக்கலாம். இது எங்கே, எப்போது பதிவானது? அன்றிலிருந்து இன்று வரை யார் யார் கையில் இருந்தது? ஒப்பிட்டுப் பார்க்க வேறொன்று இருக்கிறதா? லிபாட்டியின் பெயரில் வந்த அந்த இசைத்தட்டிடம் முதல் இரண்டு கேள்விகளுக்கும் ஒழுங்கான பதில் இருக்கவில்லை. மூன்றாவது கேள்வியை, பெரிய நிறுவனத்துக்குப் பதிலாக, வீட்டிலிருந்து வானொலி கேட்ட ஒரு நேயர் கேட்டார்.

கதை அதோடு முடியவில்லை. செய்தி பரவியதும், சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரைச் சேர்ந்த ஒருவர் தன்னிடம் ஒரு நாடா இருப்பதாக முன்வந்தார். அதே சொப்பின் கொன்செர்ட்டோ. 1950 பெப்ரவரி 7, சூரிச் நகர், டொன்ஹால வாத்தியக் குழு, வழிநடத்தியவர் ஒட்டோ ஆக்கர்மான், பியானோ லிபாட்டி. இந்தத் தடவை நாளும் இடமும் ஆட்களும் எல்லாம் இருந்தன. ஈஎம்ஐ அதை வெளியிட்டது. பொய்யை ஒருவர் சுட்டிக்காட்டியிராவிட்டால், உண்மையான நாடா இன்னும் எத்தனை காலம் ஒரு வீட்டு அலுமாரியில் கிடந்திருக்குமோ.

அந்தச் சூரிச் பதிவின் ஒலி அவ்வளவு தெளிவில்லை. முன்பு வந்த இசைத்தட்டு கேட்பதற்கு இதை விட நன்றாகவே இருக்கும். நேரம் கிடைத்தால் இரண்டையும் தேடிக் கேட்டுப் பாருங்கள். ஒன்று, சாவதற்குப் பத்து மாதங்களுக்கு முன் மேடையில் அமர்ந்த லிபாட்டி. மற்றது செர்னி ஸ்டெபான்ஸ்கா. கேட்டுவிட்டு யாருக்காவது அனுப்பும்போது, அவரவர் பெயரைப் போட்டே அனுப்புங்கள்.