ஊசியும் உடைமையும்

புறநானூற்றின் 82ஆம் பாட்டில் சாத்தந்தையார் ஒரு தொழிலாளியை நமக்குக் காட்டுகிறார். ஊரில் விழா வந்துவிட்டது, வீட்டில் மனைவி பேறுகால வேதனையில் இருக்கிறாள், மழை பெய்கிறது, பொழுதும் சாய்கிறது. அந்நிலையில் வாரினால் கட்டில் பிணிக்கும் அவன் ஊசியின் விரைவையே, மன்னனின் போர் விரைவுக்குப் புலவர் உவமையாக்கினார். உவமைக்கு அவன் கை வேண்டியிருந்தது. ஆயினும் இழிசினன் என்பதே அவனுக்குக் கிடைத்த பெயர். சமுதாயம் அவனுக்கு மதிப்பைத் தரவில்லை. ஆனால் அந்த ஊசி அவன் கையில் இருந்தது. அதற்கு அவன் எவருக்கும் வாடகை செலுத்தியதாகப் பாட்டில் குறிப்பில்லை.

அந்த ஊசி இயந்திரத்தினுள் புகுந்தபின் எவருடைய உடைமையாயிற்று? பழைய தோல்தையல் இயந்திரம் ஒன்றை விலைபேசி நிற்கும் திருகோணமலைத் தொழிலாளியின் நிலையை அறிய, இக்கேள்வியின் வரலாற்றை நாம் அறிதல் வேண்டும்.

1830இல் திமோனியே என்ற பிரெஞ்சுத் தையற்காரர் தையல் இயந்திரத்திற்கு உரிமம் பெற்றார். படைவீரரின் சீருடை தைத்த அவருடைய பாரிஸ் பட்டறையை, 1831இல் தையற்காரர்களே உடைத்து நொறுக்கினர். இரும்பின்மேல் அவர்களுக்குப் பகையில்லை. பிழைப்புப் போகுமென்ற அச்சமே அவர்களை ஏவியது. 1846இல் எலியாஸ் ஹோவும், 1851இல் ஐசக் சிங்கரும் அமெரிக்காவில் உரிமம் பெற்றனர். 1858இல் லைமன் பிளேக் சப்பாத்தின் மேற்றோலை அடித்தோலோடு தைக்கும் இயந்திரத்தை ஆக்கினார். அதன் உரிமையை வாங்கிய கோர்டன் மக்கே, இயந்திரத்தை விற்காது குத்தகைக்கு விட்டார். தைக்கப்பட்ட ஒவ்வொரு சோடிக்கும் அவருக்குக் கட்டணம் சேர்ந்தது. அதே காலத்தில், 1860 பெப்ரவரி 22 அன்று, மசாசூசெட்ஸ் மாநிலத்தின் லின் நகரச் சப்பாத்துத் தொழிலாளர், வீழ்ந்துவரும் கூலியை எதிர்த்து வேலைநிறுத்தத்தில் இறங்கினர். பெண் தொழிலாளரும் வீதிக்கு வந்தனர். 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற்றொகுதியில், தையல் இயந்திரத்தின் வருகையைக் கார்ல் மார்க்ஸ் தனித்தெடுத்து ஆராய்ந்தது தற்செயலன்று.

1899இல் உருவான ‘யுனைடெட் ஷூ மெஷினரி’ நிறுவனம் குத்தகை முறையைப் பெருவலையாக விரித்தது. 1953இல் அமெரிக்க நீதிமன்றம் அதன் தனியாதிக்கம் சட்டத்திற்கு மாறானதெனத் தீர்த்து, இயந்திரங்களை விலைக்கும் கொடுக்கப் பணித்தது. பணம் இருந்தும் இயந்திரத்தைச் சொந்தமாக்க முடியாதிருந்த நிலை மாற, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு சென்றது.

சிங்கர் நிறுவனம் வேறு வழி கண்டது. 1856 முதல் அது தவணைமுறையில் விற்றது. ஏழைக்கும் இயந்திரம் எட்டியது, உண்மைதான். ஆயினும் இறுதித் தவணை கட்டித் தீரும்வரை அது அவனுடையதன்று. 1877இல் அந்நிறுவனம் இலங்கையில் கால்வைத்தது. தெருவோரச் சப்பாத்துத் தொழிலாளர் போற்றும் ‘29கே’ என்ற இயந்திரம், ஸ்கொட்லாந்தின் கிளைட்பாங்கில் அமைந்த கில்போவி ஆலையில் பிறந்தது. ‘கே’ என்னும் எழுத்து அந்த ஆலையையே குறிக்கும். அங்கே 1911 மார்ச்சில், வேலைப்பளுவைக் கூட்டிக் கூலியைக் குறைத்த மாற்றத்தை எதிர்த்து, மெருகிடும் பெண்கள் பன்னிருவர் வேலையை விட்டெழுந்தனர். சில நாள்களில் ஏறத்தாழ 11,000 பேர் அவர்களைப் பின்தொடர்ந்தனர். ஏப்பிரலில் போராட்டம் முறிந்தது. முன்னின்றோர் பலர் வேலையிழந்தனர். தேய்ந்த கறுப்பு இயந்திரத்தைத் தொடும்போது நாம் அவர்களுடைய உழைப்பையும் தொடுகிறோம்.

இனி நம் துறைமுகத்திற்கு வருவோம். பிரித்தானியக் கடற்படையின் பட்டறைகளும் எண்ணெய்க் குதங்களும் இவ்வூரின் பிழைப்பாயிருந்தன. 1942 ஏப்பிரல் 9 அன்று ஜப்பானிய விமானங்களின் குண்டுகளையும் இவ்வூர் தாங்கியது. 1957 ஒக்ரோபர் 15 அன்று தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. அந்நியக் கொடி இறங்கியது நமக்குப் பெருமையே. ஆனால் தளத்தை நம்பி வாழ்ந்த தொழிலாளர் பலர் வேலையற்றனர். அவர்கள் விரல்களில் திறமை இருந்தது; கருவியோ தளத்தின் சொத்து. கருவியில்லாத் திறமை பாதி உணவே என்பதை நம்மூர் அன்றே கற்றிருக்க வேண்டும்.

இன்று நிலை எவ்வாறு? 2022இன் நெருக்கடியில் டொலரின் விலை 200 ரூபாயளவிலிருந்து 360 ரூபாயளவிற்கு ஏறியது. இறக்குமதியாகும் புதிய இயந்திரம் எட்டாக்கனியாயிற்று. எனவே பழையதே கதி. ஆடைத்தொழிற்சாலைகள் கழித்த இயந்திரங்கள் மலிவாகத் தோன்றலாம். மெல்லிய துணிக்கென அமைந்த அவை தடித்த தோலை இழுக்கமாட்டா. பற்கள் அடியிலிருந்து மட்டுமே தள்ளுவதால் மேற்றோல் பின்தங்கும். 29கே போன்றவற்றில் மேலிருந்து அழுத்தும் காலே தோலை நகர்த்தும். அக்கால் எத்திசையிலும் திரும்பும். வாங்குமுன் கைச்சில்லை மெல்லச் சுற்றி, இரட்டைத் தோலில் நான்கு திசையிலும் தைத்துப் பார்க்க வேண்டும். தையல் குறுகினால் காலை இயக்கும் உறுப்புகள் தேய்ந்தவை. தையல் தவறினால் அடிநூலைச் சுமக்கும் ஓடத்தின் முனை மழுங்கியிருக்கலாம். புதிய வண்ணப்பூச்சு இவற்றை மறைக்கும், தோல் மறைக்காது.

இவ்வறிவு மட்டும் போதுமா? விலையைக் கொடுக்க முதல் வேண்டுமன்றோ? 2009இல் போர் ஓய்ந்தபின் வடக்கிலும் கிழக்கிலும் பரவிய நுண்கடன், பல பெண்களை வட்டிச் சுழலில் ஆழ்த்தியது. கடனால் வாங்கிய இயந்திரம் கடனுக்காகவே தைக்கும். மக்கேயின் கட்டணம் வேறு உருவில் திரும்புவதே இது. கிளைட்பாங்குப் பெண்கள் எழுந்த அதே 1911இல் இலங்கையில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. ஐந்து தொழிலாளர் சேர்ந்து ஒரு பழைய இயந்திரத்தைக் கைக்காசுக்கு வாங்கி, முறைவைத்துத் தைத்து, வருவாயில் இரண்டாவதை வாங்க அவ்வழி இன்றும் திறந்தே கிடக்கிறது.

பிறிதொரு தடையும் உண்டு. தோலைத் தொடும் கையை இழிந்ததென்னும் பழம்பெயரை எந்த இயந்திரமும் தைத்து மூடாது. அது நம் வகுப்பறைகளில் தொடங்க வேண்டிய வேலை. 82ஆம் பாட்டைக் கற்பிக்கும் ஆசிரியர் உவமை நயத்தோடு நிறுத்தாது, அந்தத் தொழிலாளிக்கு அப்பெயரைச் சூட்டியவர் யார் என்று மாணவரைக் கேட்கட்டும். கூட்டுறவால் கருவியும் கல்வியால் மதிப்பும் வந்து சேரும் நாளில்தான், ஊசி மீண்டும் உழைப்பவனின் உடைமையாகும்.