பின் பிரேக் பிடிப்பு (ரியர்செட் மாற்றத்துக்குப் பின்)

மோட்டார் சைக்கிளுடன் வந்த ஃபுட்ரெஸ்ட், பிரேக் பெடல், கியர் லீவர் ஆகியவற்றைக் கழற்றி, வெளியில் வாங்கிய ரியர்செட்டைப் பொருத்திய பின், பெடலிலிருந்து காலை எடுத்தாலும் பின்சக்கர டிஸ்க் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் கோளாறு இது. வழக்கமாகக் கை முதலில் போவது காலிப்பருக்கு: அதைக் கழற்றிச் சுத்தம் செய்வார்கள், பேடு மாற்றுவார்கள், ஏர் எடுப்பார்கள். ஆனால் ரியர்செட் மாற்றிய வண்டியில் கோளாறு பெரும்பாலும் சக்கரத்தில் இருப்பதில்லை. பெடலையும் மாஸ்டர் சிலிண்டரையும் இணைக்கும் புஷ் ராடின் நீளத்தில்தான் இருக்கிறது. எனவே சோதனை பெடலிலிருந்து தொடங்கிச் சக்கரத்தை நோக்கிப் போகவேண்டும்.

வரலாறு

ரியர்செட் பந்தயத் தேவையால் பிறந்தது. ஓட்டுநர் டேங்க்கின் மேல் குனிந்து படுக்கவும், வளைவில் சாயும்போது ஃபுட்ரெஸ்ட் தரையில் உரசாமல் இருக்கவும் கால்கள் பின்னுக்கும் மேலுக்கும் போகவேண்டியிருந்தது. 1950களில் பி.எஸ்.ஏ. கோல்டு ஸ்டாரின் பந்தய வடிவங்களிலும், 1960களின் நடுவில் ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்தில் விற்ற கான்டினென்டல் ஜிடி 250 வண்டியிலும் இந்த அமைப்பு இருந்தது. அன்றைய பின் பிரேக் டிரம் வகை. பெடலிலிருந்து ஒரு கம்பி நேராகச் சக்கரத்துக்குப் போகும். கம்பியின் நீளம் தப்பினாலும் அதன் கடைசியில் உள்ள நட்டைத் தளர்த்தினால் பிடிப்பு விட்டுவிடும். பிழை கண்ணுக்குத் தெரிந்தது, தீர்வும் பக்கத்திலேயே இருந்தது.

ஹைட்ராலிக் பிரேக்குக்கு மால்கம் லாக்ஹெட் 1917இல் காப்புரிமை பெற்றார். 1921இல் டூசன்பெர்க் கார் நான்கு சக்கரங்களிலும் அதைப் பொருத்திக்கொண்டு வந்தது. மோட்டார் சைக்கிளில் ஹைட்ராலிக் டிஸ்க்கைப் பெருமளவில் பரப்பியது 1969இன் ஹோண்டா சிபி750. அதிலும் முன்சக்கரத்தில் மட்டும்தான். இந்தியாவில் 2001இல் வந்த பஜாஜ் பல்சரின் பின்சக்கரம் டிரம்மோடுதான் ஓடியது. 2007இல் பல்சர் 220 பின்சக்கரத்துக்கும் 230 மி.மீ. டிஸ்க்கைக் கொண்டுவந்தது. 2008இல் யமஹா ஆர்15, 2012இல் சாக்கணில் தயாரான கேடிஎம் டியூக் 200, 2013இல் சென்னை ராயல் என்ஃபீல்டின் கான்டினென்டல் ஜிடி 535 என்று வரிசை நீண்டது. ரியர்செட் வாங்கும் இளைஞர்களுக்குப் பிடித்த வண்டிகளும் பின் டிஸ்க் உள்ள வண்டிகளும் ஒன்றாகிவிட்டன. இந்தக் கோளாறும் அப்போதுதான் பரவலாயிற்று.

புனேயின் வடமேற்கில் உள்ள தேஹு ரோடு இந்த வரலாற்றோடு நெருங்கிய ஊர். பஜாஜின் ஆகுர்டி வளாகம் அடுத்த ரயில் நிலையத்தின் பெயரிலேயே இருக்கிறது. சாக்கண் ஆலையும் தொலைவில்லை. மும்பை–புனே விரைவுச்சாலையின் புனே முனை பக்கத்துக் கிவளேயில் இருந்தாலும், அதில் இருசக்கர வண்டிகளுக்கு அனுமதி கிடையாது. லோனாவளா, கண்டாலா போகும் பைக்குகள் தேஹு ரோட்டின் ஊடே பழைய நெடுஞ்சாலையில்தான் போகவேண்டும். சமதளத்தில் மறைந்திருக்கும் பிடிப்பு, கண்டாலா மலைச்சாலையின் இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது வெளிப்படுகிறது.

காரணம்

மாஸ்டர் சிலிண்டரில், பிஸ்டன் முழுதாகப் பின்வாங்கிய நிலையில் மட்டும் திறக்கும் ஊசித்துளை ஒன்று உண்டு. சூட்டில் விரியும் பிரேக் ஆயில் அதன் வழியே ஆயில் கப்புக்குத் திரும்புகிறது. பிஸ்டன் ஒரு மில்லிமீட்டர் அளவு உள்ளே தங்கினாலும் அதன் ரப்பர் விளிம்பு துளையை மூடிவிடும். பிறகு ஆயில் விரிய விரிய அழுத்தம் கூடும். பேடு டிஸ்க்கை உரசும். உரசல் சூட்டையும், சூடு அழுத்தத்தையும் வளர்க்கும். கடைசியில் சக்கரம் இறுகும், அல்லது ஆயில் கொதித்துப் பெடல் தொய்ந்துபோகும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கவேண்டும். ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155.

பிஸ்டன் உள்ளே தங்குவதற்கு ரியர்செட்டின் ஸ்டாப்பரே முதல் காரணம். பெடல் தாழ்வாக வேண்டும் என்று ஸ்டாப்பர் போல்ட்டை மட்டும் திருகினால், ராடு அந்த அளவுக்குப் பிஸ்டனை உள்ளே தள்ளி நிற்கும். ராடையும் அதற்கேற்பக் குறைத்திருக்க வேண்டும். கிரீஸ் இல்லாத பெடல் புஷ், அதிகமாக முறுக்கிய பிவட் போல்ட், மாட்டாமல் விட்ட ரிட்டர்ன் ஸ்பிரிங், பெடல் உயரமாகிவிட்டதால் அறியாமல் அதன்மேல் தங்கும் ஷூ நுனி ஆகியவை அடுத்து வருபவை.

சோதனையும் எதிர்வாதங்களும்

பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, பெடலை மிதித்து விட்டுச் சுழற்றிப் பார்க்கவேண்டும். சக்கரம் இறுகியிருந்தால் லாக் நட்டைத் தளர்த்தி ராடைச் சில சுற்றுகள் குறைக்கலாம். பிடிப்பு விட்டால் காரணம் ராடுதான். விடாவிட்டால் காலிப்பரின் பிளீடரைத் திறக்கலாம். அப்போது சக்கரம் விடுபட்டால் லைனில் அழுத்தம் சிக்கியிருக்கிறது என்று பொருள். அடைபட்ட ஊசித்துளையும் உள்ளே வீங்கிய ஹோஸும் பார்க்கவேண்டியவை. அப்போதும் விடாவிட்டால்தான் காலிப்பர் பிஸ்டனையும் பின்களையும் சந்தேகிக்கவேண்டும். ஆயில் கப்பின் மூடியைத் திறந்து பெடலை மெல்ல அழுத்தும்போது, முதல் அசைவிலேயே கப்பின் அடியிலிருந்து சிறு குமிழ்போல் ஆயில் எழும்பினால் துளை திறந்திருக்கிறது. இந்த ஆயில் பெயின்டை அரிக்கும் என்பதால் துணி போர்த்திக்கொள்வது அவசியம்.

முதல் சில கிலோமீட்டர் வண்டி நன்றாக ஓடியதே, ராடு எப்படிக் காரணமாகும் என்று கேட்பார்கள். ஆயில் குளிர்ந்திருக்கும்வரை மூடிய துளையால் தொல்லையில்லை, சூடேறித்தான் பிடிக்கும். ஏர் எடுத்ததும் சரியானதே என்பதும் இதே வகை: பிளீடரைத் திறந்தபோது சிக்கிய அழுத்தம் வெளியேறியது, துளை திறக்கவில்லை, அடுத்த சூட்டில் மீண்டும் பிடிக்கும். பழைய காலிப்பர் அதே சமயத்தில் கெட்டிருக்கலாமே என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆயினும் கடைசியாக மாற்றியதை முதலில் பார்ப்பதற்கு ஒரு ஸ்பேனர் போதும். காலிப்பரைப் பிரிக்க அரை நாள் போகும். ராடைக் குறைத்தால் பிரேக் குறையும் என்ற அச்சமும் தேவையற்றது. ராடுக்கும் பிஸ்டனுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் ஆட்டம், பெடல் நுனியில் சிறு தளர்வாகத்தான் தெரியும். வண்டியின் சர்வீஸ் புத்தகம் வேறு அளவு சொன்னால் அதையே கொள்ளவேண்டும்.

சரிசெய்யும் வரிசை

பெடலின் உயரத்தை முதலில் ஸ்டாப்பரால் முடிவு செய்து, ராடின் ஆட்டத்தைப் பின்னர் வைத்து, லாக் நட்டை இறுக்கி, பிரேக் விளக்கின் சுவிட்சைக் கடைசியில் சரிபார்ப்பதே முறை. வரிசை மாறினால் முன்பு வைத்த அளவு கலைந்துவிடும். சிறிது தூரம் ஓட்டி, டிஸ்க்கைத் தொடாமல் அதன்மேல் ஒரு சொட்டு நீர் விட்டுப் பார்க்கலாம். அதிகம் பிரேக் போடாத ஓட்டத்துக்குப் பின்னும் நீர் சுரீரென்று ஆவியானால் பிடிப்பு இன்னும் இருக்கிறது.

இன்றைய நிலை

2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். ராடின் அளவு பற்றிய விதி அவற்றுக்கும் பொருந்தும்.