முசிறிக்குப் படகில்

கொச்சியில் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலைக் கண்காட்சிக்கு ‘கொச்சி–முசிறிஸ் பியன்னாலே’ என்று பெயர். போஸ் கிருஷ்ணமாச்சாரி, ரியாஸ் கோமு என்ற இரண்டு கேரளக் கலைஞர்களின் முயற்சி. முதல் கண்காட்சி 12-12-2012 அன்று தொடங்கியது. பியன்னாலே என்பது இத்தாலியச் சொல். பிரெஞ்சு வழியில் படித்த என் வாயில் அது ‘பியெனால்’ என்றுதான் வரும். தமுக்கம் சித்திரைப் பொருட்காட்சி பார்த்து வளர்ந்த என் மனைவிக்கோ அது பொருட்காட்சிதான்.

அந்த ‘முசிறிஸ்’ நம் சங்க இலக்கிய முசிறி. திருச்சி பக்கம் காவிரிக் கரையில் இருக்கும் முசிறி அல்ல. சேர நாட்டில், பெரியாறு கடலில் கலக்கும் இடத்தில் இருந்த துறைமுகம். யவனர் கப்பல்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பின. ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் பணம் இந்தியாவுக்குப் போகிறதே என்று ரோமாபுரி பிளினி புலம்பியிருக்கிறார். நான் படித்த பிரெஞ்சுப் பாடப்புத்தகங்களில் ரோமாபுரி பக்கம் பக்கமாக வரும். முசிறி ஒரு வரிகூட வராது.

பசுமலைக்காரர்கள் அறிய வேண்டிய பாட்டு ஒன்று உண்டு. அகநானூறு 149, எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் பாடியது. முசிறிக்கு யவனர் கலம் வருவதும், பாண்டியன் செழியன் அவ்வூரை வளைத்து வென்று அங்கிருந்த படிமம் ஒன்றைக் கவர்ந்ததும் அதில் இருக்கின்றன. அடுத்தே, கூடலுக்கு மேற்கேயுள்ள முருகன் குன்றம், அதாவது நம் திருப்பரங்குன்றம் வருகிறது. அதன் சுனையில் பூத்த நீலமலர் போன்ற கண்ணுடையவளை விட்டு, எவ்வளவு பொருள் கிடைத்தாலும் வரமாட்டேன் என்று தலைவன் தன் நெஞ்சுக்குச் சொல்கிறான். எல்லோரும் இந்தப் பாட்டில் கப்பலையும் சண்டையையும்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். எனக்குப் பிடித்தது அவன் போகாமல் நின்றது.

2013 ஜனவரியில் எர்ணாகுளத்தில் மகள் வீட்டில் இருந்தபோது, நாங்கள் இருவரும் ஒரு நாள் காலையில் கிளம்பினோம். அரசு நீர்ப்போக்குவரத்துத் துறையின் சாதாரணப் படகு. வழியில் வில்லிங்டன் தீவு. பிரிஸ்டோ என்ற ஆங்கிலேயப் பொறியாளர் துறைமுகத்தை ஆழப்படுத்தத் தோண்டிய மண்ணைக் கொட்டி உண்டாக்கியது. மணலாய்க் கிடக்கும் வைகையைப் பார்த்தே பழகிய என் மனைவி, இறங்கும்வரை கம்பியை விடவில்லை.

கண்காட்சி நடந்த இடம் கோட்டைக் கொச்சியில், கடலைப் பார்த்த ஆஸ்பின்வால் ஹவுஸ் என்ற பழைய வணிகக் கட்டடம். அங்கிருந்தவற்றில் பாதி எங்களுக்குப் புரியவில்லை. விவான் சுந்தரம் செய்ததுதான் எங்களை நிறுத்தியது. (இரண்டாவது தலைமைத் தேர்தல் ஆணையர் கே.வி.கே. சுந்தரத்தின் மகன் இவர். தேர்தல் வேலை பார்த்த குமாஸ்தாக்கள் தந்தையை அறிவார்கள்.) 2007 முதல் பட்டணம் என்ற ஊரில் நடந்த அகழாய்வில் ஒதுக்கப்பட்ட பானை ஓடுகளைக் கொண்டு ஒரு நகரத்தையே அமைத்திருந்தார். பட்டணம்தான் முசிறி என்பதில் அறிஞர் சிலருக்கு உடன்பாடில்லை. அது வேறு கதை. படத்தில் அந்த ஓட்டு நகரத்துக்குள் தண்ணீர் ஏறுகிறது, மிளகு மிதக்கிறது. பெயர் ‘கறுப்புத் தங்கம்’.

“உடைஞ்ச பானையப் பார்க்கவா இவ்வளவு தூரம் கூட்டி வந்தீங்க?” என்றவள், பிறகு குனிந்து வெகுநேரம் பார்த்தாள். ஒரு விளிம்பைக் காட்டி, “எங்க அம்மா தண்ணி ஊத்தி வைக்கிற பானை வாய் இப்படித்தாங்க இருக்கும்” என்றாள். அதன்பிறகு அவசரப்படுத்தவில்லை.

1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் முசிறித் துறையைத் தூர்த்து, கொச்சியின் வாயைத் திறந்துவிட்டது என்பார்கள். அதே பெரியாற்றைப் பென்னிகுயிக் மலையில் மறித்து, சுரங்கம் வழியாகக் கிழக்கே நம் வைகைக்குத் திருப்பியது 1895இல். வெனிஸ் நகரில் முதல் பியன்னாலே நடந்ததும் அந்த ஆண்டுதான்.

திரும்பும் படகில் இதைச் சொன்னேன்.

“அப்ப நம்ம வீட்டுக் குழாயில வர்றதும் இந்த ஆத்துத் தண்ணியா?”

“வர்ற அன்னிக்கு” என்றேன்.